சுவரோரத்து மானியும் எம்மவர் சமையலறையும்

கிரவீனிலும் அதனை அடுத்துள்ள பென்டில் ஹில், துங்காபி, வென்ற்வேர்த்வில் ஆகிய இடங்களிலும் பழைய வீடுகளின் பக்கச் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி பொருத்தப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அதன் உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் மெல்லச் சுழலும் ஓர் அலுமினியத் தட்டு. சலவை இயந்திரமும் மின்னடுப்பும் ஒன்றாக ஓடினால் தட்டு வேகங்கொள்ளும். வீட்டார் உறங்கினால் அதுவும் தூங்கி வழியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து இலக்கங்களைக் குறித்துச் செல்வார். மின்சார சபையின் மானி வாசிப்பாளரை ஊர் ஒழுங்கையில் கண்டு பழகிய எமக்கு, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்நியமாகத் தோன்றாத மிகச் சில காட்சிகளுள் இதுவும் ஒன்று.

அந்தத் தட்டின் காலம் முடிகிறது. அவுஸ்திரேலிய எரிசக்திச் சந்தை ஆணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட விதியின்படி, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு அவுஸ்திரேலியா, தலைநகரப் பிரதேசம் ஆகியவற்றில் எஞ்சியுள்ள பழைய மானிகள் 2025 டிசெம்பர் தொடக்கம் 2030 நவம்பர் முடிவுக்குள் கழற்றப்பட்டு, 'ஸ்மார்ட் மீற்றர்' எனப்படும் அறிதிறன் மானிகள் பொருத்தப்பட வேண்டும். எம்மவர் வீடுகளின் தபால் பெட்டிகளுக்கும் இதுபற்றிய கடிதங்கள் வருகின்றன. எமது வீட்டுக்கும் ஒன்று வந்தது. பல்பொருள் அங்காடியின் விளம்பரத் தாள்களுக்கு நடுவே செருகப்பட்டுக் கிடந்த அதனைக் குப்பைக் கூடையிலிருந்துதான் மீட்டெடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை. வாசகர்களும் அவ்வாறு எறிந்துவிடக் கூடாது என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

பழைய மானி அளவை மட்டுமே அறியும். மூன்று மாதத்தில் எத்தனை கிலோவாற் மணி மின்சாரம் பாவித்தீர்கள் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புதிய மானி நேரத்தை அறியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது அரை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு மின்சாரம் உள்ளே வந்தது, கூரையிற் சூரியத் தகடுகள் இருந்தால் எவ்வளவு வெளியே போனது என்பதைக் குறித்து, கைத்தொலைபேசி செல்லும் அதே அலைவழியில் தானாகவே அனுப்பிவிடும். மானி வாசிப்பாளர் இனி வரவேண்டியதில்லை. மின்னிணைப்பைக் கொடுக்கவோ துண்டிக்கவோகூட ஆள் வரவேண்டியதில்லை. பல இடங்களில் அதுவும் தொலைவிலிருந்தே நடக்கிறது. அளவுக்கு விலை என்றிருந்த பண்டம் நேரத்துக்கு விலை என்று மாறுவதற்கு வேண்டிய கருவி இதுதான். மற்றவை யாவும் இதிலிருந்து பிறப்பவை.

ஏன் இந்த மாற்றம்? கிரவீன் என்ற பெயருக்கு ஆதிக்குடிகளின் மொழியில் 'பூக்களின் இடம்' என்று பொருள் கூறுவர். கோடையில் இங்கே பூ நிற்பதில்லை. கடற்காற்று வந்து சேராத மேற்குச் சிட்னியின் வெப்பம் எப்படிப்பட்டது என்பதை 2020 ஜனவரி 4 அன்று பென்றித் காட்டியது: 48.9 பாகை. இதே வெயிலைத்தான் நாட்டின் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கூரைகள் மின்சாரமாக மாற்றுகின்றன. நண்பகலில் வேண்டியதற்கு மேல் மின்சாரம் பொங்குகிறது. மாலை ஐந்து மணிக்குப் பின் சூரியன் சாய, மக்கள் வேலையிலிருந்து திரும்ப, குளிரூட்டிகளும் அடுப்புகளும் ஒன்றாக எரிய, இல்லாத மின்சாரத்தை எங்கிருந்தாவது பிடித்து வரவேண்டியிருக்கிறது. பழைய மின்வலை, நிலக்கரி நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரே திசையில் ஓடும் வாய்க்கால் போன்றது. இன்று ஒவ்வொரு வீட்டுக் கிணறும் வாய்க்காலுக்குத் தண்ணீர் இறைக்கிறது. எந்தக் கிணறு எப்போது இறைக்கிறது என்று தெரியாமல் வாய்க்காலைக் காக்க முடியாது.

இது அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் பாய்ந்த குரங்கொன்றையே உலகப் பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. குரங்கு ஒரு நிமித்தம் மட்டுமே. தொழிற்சாலைகள் ஓய்ந்திருந்த அந்த விடுமுறை நாளில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. திடீர் அதிர்ச்சியைத் தாங்கி நிறுத்தும் பாரமான சுழற்சி யந்திரங்கள் குறைவாகவே ஓடின. அதே ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையின்போது, பகல் வேளைகளில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களிடம் வேண்டுகோள் விடுத்தது. தெற்கு அவுஸ்திரேலியாவில் இதே காரியத்தை வேண்டுகோள் இன்றியே செய்யலாம். அங்கு 2020 செப்ரெம்பருக்குப் பின் பொருத்தப்பட்ட தகடுகளைத் தொலைவிலிருந்து அணைக்க விதி உண்டு; 2021 மார்ச்சில் அது முதன்முறையாகக் கையாளப்பட்டது. இந்த அதிகாரத்தைத்தான் ஆங்கில விளம்பரங்கள் 'ஸ்மார்ட்' என்று அழைக்கின்றன.

இருளை நாம் அறியாதவர்கள் அல்லர். 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் என்ற சொல்லே பழங்கதையாயிற்று. மண்ணெண்ணெய் தட்டுப்பட்ட நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட பெரியவர்களும் இன்று கிரவீனில் வீடு வாங்கி, பிள்ளைகளை உயர்தரப் போட்டிப் பாடசாலைக்கு அனுப்பி வாழ்கிறார்கள். ஒரு வாற் மின்சாரத்தின் பெறுமதி தெரிந்த தலைமுறை அது. ஆயினும் அந்தத் தலைமுறையிடமே, உங்கள் வீட்டுக்கு மின்சாரம் எந்த மணிக்கு என்ன விலை என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் தெரிவதில்லை. நாம் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம். எமக்கும் அந்தக் கடிதம் வரும்வரை தெரியாது.

மெல்பேர்ண் வாசகர்கள் இவ்விடத்தில் நகைக்கக்கூடும். அவர்களுக்கு இது பழைய கதை. விக்ரோறியா அரசு 2006இல் தீர்மானித்து, 2009 முதல் ஏறத்தாழ 28 இலட்சம் மானிகளை வீடு வீடாக மாற்றியது. விரும்பியவருக்கு மட்டுமன்று, யாவருக்கும். செலவும் யாவர் தலையிலும். நேர விலை ஏழைகளையும் முதியோரையும் வருத்தும் என்ற குரல் எழுந்ததால், 2010இல் அந்த அரசே நேர விலையை நிறுத்தி வைத்தது. ஆக, நேரத்தை அளக்கும் கருவிக்கு மக்கள் பணம் கட்டினார்கள்; கருவி நேரத்தை அளந்தது; அதனால் பட்டியலில் எதுவும் குறையவில்லை. மாநிலக் கணக்காய்வாளர் நாயகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வாண்டு முடிவுக்குள் மின்பாவனையாளர் இதற்காக 223 கோடியே 90 இலட்சம் டொலர் செலுத்தியிருப்பர் என்றும், இலாபம் கிடைப்பதற்குப் பதிலாக 31 கோடியே 90 இலட்சம் டொலர் நிகர நட்டமே மிஞ்சும் என்றும் கூறியது. டண்டினோங்கில் தொழிற்சாலையில் நின்று உழைத்த எம்மவரும் அந்தக் கணக்கில் பங்காளிகள்.

எனினும் நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மானிகளால் விளைந்த நன்மைகளுள் ஒன்று, விளம்பரம் அற்றது. வீட்டுக்கு வரும் நடுநிலைக் கம்பி பழுதானால் தண்ணீர்க் குழாயைத் தொட்டவருக்கே மின்னதிர்ச்சி ஏற்படலாம். அறிதிறன் மானி மின்னழுத்த மாற்றத்தைக் கொண்டு அப்பழுதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். விக்ரோறியாவின் விநியோகக் கம்பனிகள் இவ்வழியால் ஆபத்தான இணைப்புகளைக் கண்டு திருத்தி வருகின்றன.

நியூ சவுத் வேல்ஸ் வேறு வழியிற் சென்றது. கூரை மின்சாரத்துக்கு முழு அளவுக்கும் கிலோவாற் மணிக்கு 60 சதம் தரும் திட்டத்தை 2010 ஜனவரியில் அரசு தொடங்கியபோது மக்கள் முண்டியடித்தனர். அவ்வாண்டு முடியுமுன் புதியவர்களுக்கு அது 20 சதமாயிற்று. 2011இல் கதவு மூடப்பட்டது. 2016 டிசெம்பர் 31உடன் எல்லோருக்கும் முடிந்தது. அன்று சொந்தக் கூரை இருந்தவர் அதனை அனுபவித்தார். அக்காலத்தில் வந்திறங்கிய எம்மவருட் பலர் தடுப்பு முகாம்களிலும் வாடகை அறைகளிலும் இருந்தனர். இன்று கூரை மின்சாரத்துக்குக் கம்பனிகள் தருவது பெரும்பாலும் ஐந்து, ஆறு சதம், சிலவிடத்து அதனினும் குறைவு. அதே மின்சாரத்தை மாலையில் நாம் திருப்பி வாங்கும் விலை அதன் பல மடங்கு.

இந்த இடைவெளிதான் சந்தை. நண்பகலில் மலிந்து கிடப்பதை மாலையில் விற்க முடிந்தவருக்கு இலாபம். 2017 டிசெம்பரில் தெற்கு அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாற் பற்றரி ஒன்றை ரெஸ்லா கம்பனி நிறுவியபோது அது உலகிலேயே பெரியது. அதற்கு முந்திய ஆண்டு செப்ரெம்பர் 28 அன்று புயலில் கோபுரங்கள் சரிந்து அம்மாநிலம் முழுவதும் இருண்டதே அதற்குத் தூண்டுதல். இன்று அந்தப் பற்றரி நடுத்தரமானது. மத்திய அரசு 2025 யூலை முதல் வீட்டுப் பற்றரிகளின் விலையில் ஏறத்தாழ 30 வீதத்தை மானியமாக வழங்கத் தொடங்க, ஆறு மாதத்துக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வாங்கிவிட்டன. கதவைத் தட்டும் முகவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழ் பேசும் முகவர்களும் உளர். கோயில் திருவிழாவில் மேசை போட்டிருந்த ஒருவரிடம் எமது அயலவர் முற்பணம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அலைந்தார். மொழி ஒன்றென்பது உத்தரவாதப் பத்திரமாகாது.

வீட்டுப் பற்றரிகளையும் சுடுநீர்த் தாங்கிகளையும் ஒன்றாகக் கோத்து ஒரு மின்நிலையம் போல இயக்குவது அடுத்த வியாபாரம். இது கேட்பதற்குப் புதுமை. ஆனால் பாதி பழையது. சிட்னியில் இரவில் மட்டும் சூடேறும் சுடுநீர்த் தாங்கிகள் பல பத்தாண்டுகளாக மின்கம்பி வழியே அனுப்பப்படும் ஒரு சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டே இயங்கி வந்தன. இப்பொழுது நேரம் மட்டும் மாறுகிறது. மேற்குச் சிட்னிக்கு மின்சாரம் விநியோகிக்கும் எண்டெவர் எனர்ஜி கம்பனி, அல்பியன் பார்க் பகுதியில் அறிதிறன் மானிகளைக் கொண்டு தாங்கிகளை நண்பகற் சூரியனில் சூடேற்றிப் பார்த்தது.

சந்தையின் பெருக்கத்தை அறிய இந்தியாவைப் பார்க்கலாம். அங்கு 2021இல் வகுக்கப்பட்ட திட்டத்தின் இலக்கு 25 கோடி முற்கொடுப்பனவு மானிகள். தமிழ்நாட்டில் அதானி குழுமக் கம்பனி குறைந்த விலை கேட்டிருந்த கேள்விப்பத்திரத்தை மாநில மின்வாரியம் 2024 டிசெம்பர் இறுதியில் இரத்துச் செய்தது. முற்கொடுப்பனவு என்றால், காசு தீர்ந்தவுடன் வெளிச்சமும் தீரும் என்பதே. பிரித்தானியாவில் கடன்பட்ட வீடுகளைக் கட்டாயமாக அம்முறைக்கு மாற்றிய செயல் பெரும் கண்டனத்துக்குள்ளாகி, 2023 பெப்ரவரியில் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அதனை நிறுத்துமாறு கம்பனிகளைக் கேட்டது. லண்டனில் உறவினர் உள்ளவர்கள் அந்தக் குளிர்கால அனுபவத்தைக் கேட்டறியலாம்.

இனி எம்மவர் சமையலறைக்கு வருவோம். நேர விலைத் திட்டத்தில் உச்ச நேரம் பொதுவாகப் பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணி முதல் இரவு எட்டு அல்லது ஒன்பது மணி வரை. தமிழ் வீட்டின் அடுப்பு எரியும் நேரமும் அதுவே. பாடசாலைப் பிள்ளைகள் வந்து, தகப்பன் வந்து, சோறும் கறியும் ஆக்கி, தோசை சுட்டு, பிள்ளைகளைக் குளிக்க வார்த்து முடிய எட்டு மணியாகிவிடும். இதனினும் கொடியது 'டிமாண்ட்' எனப்படும் உச்சப் பாவனைக் கட்டணம். மாதம் முழுவதும் சிக்கனமாக இருந்தாலும், உச்ச நேரத்தில் ஒரேயொரு அரை மணியில் அதிகம் பாவித்திருந்தால், அந்த அரை மணியை அளவுகோலாக வைத்து மாதம் முழுமைக்கும் கட்டணம் விதிப்பர். பிறந்தநாள் விருந்தன்று குளிரூட்டி, வெதுப்படுப்பு, மாவரைக்கும் இயந்திரம், உடுப்பு உலர்த்தி நான்கும் ஒன்றாக ஓடினால் போதும்.

மறுபுறம், இந்த மாற்றம் சிலருக்கு வாய்ப்பாகவும் அமையும். இரவு வேலை செய்து பகலில் வீட்டிலிருப்பவர், பகலில் சமைக்கும் முதியோர், இவர்கள் நேர விலையால் நன்மை அடையக்கூடும். எவர் எந்த வகை என்பது தத்தம் வீட்டுக் கணக்கைப் பார்த்தாலன்றித் தெரியாது. அக்கணக்கு இரகசியமன்று: கடந்த இரண்டு ஆண்டுத் தரவை வாடிக்கையாளர் இலவசமாகக் கேட்டுப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. எப்போது விழித்தோம், எப்போது உறங்கினோம், எந்த வாரம் வீடு பூட்டியிருந்தது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். குடும்ப விபரப் பதிவேட்டோடு சிப்பாய் படலையில் நின்ற காலத்தைக் கண்டவர்களுக்கு இது மனதைச் சற்று உறுத்தவே செய்யும். எமக்கும் உறுத்தியது.

மிக இக்கட்டான நிலையில் இருப்பவர்கள் வாடகை வீட்டில் கூட்டாக வசிப்பவர்கள். 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகில் வந்து, ஆண்டுக்கணக்கில் இடைக்கால விசாவோடு காத்திருக்கும் இளைஞர் ஐவர் ஒரு வீட்டில் இருப்பர். மின்கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். கூரை வீட்டுக்காரருடையது. சூரியத் தகடும் பற்றரியும் மானியமும் கூரைக்கு உரியவருக்கே. இவர்களுக்கு வந்து சேர்வது நேர விலை மட்டும். பணம் கட்டத் தவறினால் கெடுவது பெயர் கொடுத்த ஒருவரின் கடன் நன்மதிப்பு. தெற்கு அவுஸ்திரேலியா 2018இல், அரச வாடகை வீடுகளின் கூரையில் குடியிருப்பாளர் செலவின்றித் தகடும் பற்றரியும் பொருத்தி 50,000 வீடுகளை இணைப்போம் என்றது. நல்ல எண்ணம், நடைமுறையில் சில ஆயிரம் வீடுகளைத் தாண்டவில்லை.

ஆகவே கடிதம் வந்தால் செய்யவேண்டியவை சில உள. புதிய மானிக்கு முன்கூட்டிய கட்டணம் கேட்க விதி இடமளிக்காது. கேட்டால் கொடுக்க வேண்டாம். புதிய விதியின் கீழ் மானி மாறிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு, உங்கள் தெளிவான சம்மதம் இன்றி விலை முறையை மாற்ற முடியாது. தொலைபேசியில் ஒருவர் வேகமாகப் பேசிக் கேட்கும் கேள்விக்கு 'யேஸ்' என்பதும் சம்மதமே. ஆகையால் புரியாததற்கு 'யேஸ்' சொல்லும் எம்மவர் பழக்கத்தை அன்று மட்டுமாவது விடுக. வீடு மாறிப் புதிய ஒப்பந்தம் செய்வோர், ஒரே விலைத் திட்டம் உண்டா என்று தாமே கேட்கவேண்டும்.

இன்னொன்று, கிரவீன் போன்ற பழைய புறநகர்களுக்கே உரியது. இங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றில் மானி பொருத்தப்பட்ட பலகையிலேயே அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும். அவ்விடத்தில் தொழிலாளி துளையிட மறுத்து, முதலிற் பலகையை மாற்றுமாறு எழுதிவிட்டுப் போவார். அச்செலவு வீட்டு உரிமையாளருடையது, குடியிருப்பவருடையதன்று. வாடகைக்கு இருப்போர் அக்கடிதத்தை அன்றே முகவருக்கு அனுப்பிப் பிரதியை வைத்திருப்பது நல்லது. பெட்டியை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் சுவாசக் கருவியோ சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவியோ பாவிக்கும் நோயாளி இருந்தால், மின்சாரக் கம்பனியிடம் அதனைப் பதிவு செய்யவேண்டும். தொலைவிலிருந்தே இணைப்பை அறுக்கக்கூடிய காலத்தில் இது உயிர் காக்கும் பதிவு. பணம் கட்ட முடியாவிடில், ஒளித்திருக்காமல் கம்பனியிடம் தவணை முறை கேட்கலாம். ஒவ்வொரு கம்பனியும் இடர்ப்படுவோருக்கு உதவும் ஒழுங்கொன்றை வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கு தீராத முறைப்பாட்டை மாநில மின், நீர் முறைகேள் அதிகாரியிடம் இலவசமாகக் கொண்டு செல்லலாம். ஆங்கிலம் தடையாயின் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கூரை இல்லாதவருக்கும் ஏதாவது கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரு பதில் 2025 நவம்பரில் வந்தது. நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து, தெற்கு அவுஸ்திரேலியா ஆகியவற்றில் அறிதிறன் மானி உள்ள வீடுகளுக்கு, நண்பகலையொட்டி நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் இலவச மின்சாரம் தரும் திட்டமொன்றை 2026 யூலை முதல் கம்பனிகள் வழங்கவேண்டும் என மத்திய அரசு அறிவித்தது. வாடகை வீட்டாரும் சேரலாம். மற்ற மணிகளுக்கு அத்திட்டத்தில் என்ன விலை என்பதைக் கேட்ட பின்னரே சேரவேண்டும். இவ்விடயத்தை இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஓர் இளைஞரிடம் சொன்னோம். அந்த மூன்று மணிநேரமும் தாம் உறங்கும் நேரம் என்றார். சலவை இயந்திரத்தில் நேரம் குறிக்கும் பொத்தான் ஒன்று உண்டு, காலையில் வந்து உடுப்பைப் போட்டுவிட்டு அதை அழுத்திவிட்டுப் படுக்கலாம் என்று காட்டிக் கொடுத்தோம். ஐந்து ஆண்டுகளாகப் பாவிக்கும் இயந்திரத்தில் அப்படியொரு பொத்தான் இருப்பதை அன்றுதான் அவர் கண்டார்.